சூடு பிடிக்காத மெத்தை

லாரி ஓட்டுகிறவனுக்கு உலகத்தில் இரண்டே பயம்தான் என்பாள் மெத்தையக்கா. ஒன்று, பிரேக் பிடிக்காமல் போவது. இன்னொன்று, உடம்பில் சூடு பிடிப்பது. "பிரேக்குக்கு மெக்கானிக் இருக்கான், சூட்டுக்கு நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தன் தையல் மெஷினை ஒரு தட்டுத் தட்டுவாள். தற்பெருமைதான். ஆனால் கைவேலை தெரிந்தவர்களின் தற்பெருமையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சூடு என்னவென்று கேட்கிறீர்களா? பகல் முழுக்க என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு என்றைக்காவது ஒரு நாள் ஒன்றுக்குப் போகும்போது சுரீர் என்று எரியும். அவ்வளவுதான், லாரிப் பேட்டையில் இருக்கிற அத்தனை பேரும் அந்த நிமிஷமே டாக்டர் ஆகிவிடுவார்கள். தண்ணீர் நிறையக் குடி என்பான் ஒருவன். ரெண்டு நாள் வண்டியைத் தொடாதே என்பான் இன்னொருவன். மூன்றாவது ஆள் வண்டிக்குள் கையை விட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற டப்பாவிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டுவான். அது அந்தப் பேட்டையின் எழுதாத சட்டம். எரிகிறவன் மருந்துக்கடையில் ஓர் அட்டை வாங்கிப் போட ஆரம்பிப்பான். எரிச்சல் நின்றதும் மிச்சத்தை டப்பாவில் போட்டு வைப்பான். அடுத்து எரிகிறவனுக்கு அது ஆகும். சீப்பு, சோப்பு, போர்வை மாதிரி மாத்திரையும் வண்டிக்குப் பொதுதான்.

கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். "மெத்தையக்காகிட்ட போய் மெத்தைய மாத்துடா!"

பேட்டை வாசலை ஒட்டி, லாரி சீட்டுகளுக்கு மெத்தை தைக்கிற அவள் கொட்டகை. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, மூலையில் ரெக்ஸின் சுருள்கள், சுவர் உயரத்துக்கு ஃபோம் பலகைகள். பின்பக்கம் ஒரு சின்ன அறை. நடுவில் எதிரெதிராக இரண்டு தையல் மெஷின்கள். ஒன்றில் மெத்தையக்கா. மற்றதில் அவள் தம்பி மனைவி. அவளுக்கு மெத்தையக்கா வைத்த பெயர் மகராசி. பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, அதைக் குத்திக்காட்ட வைத்த பெயர். "மகராசி வந்தா, வீடு அப்படியே நெறைஞ்சு வழியுது" என்று ஊசியில் நூல் கோத்தபடி பேட்டைக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். எதிரில் இருப்பவளும் லேசுப்பட்டவள் இல்லை. "வழியறதைத் துடைக்கத்தானே அண்ணி நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள். அந்தக் கடகடச் சத்தத்தில் அண்ணியின் அடுத்த வார்த்தை அடிபட்டுப் போகும்.

தம்பி நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். பேட்டையில் அவனுக்கு சைலன்சர் என்று பெயர். ஆமாம், இல்லை, சரி என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டிவிட்டான். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்காதான். அதனாலோ என்னவோ, அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசினாள்.

சூடு பிடிக்காத மெத்தை பிறந்ததே அவனால்தான். அவன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாள், வண்டியிலிருந்து இறங்கினவன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். என்னடா என்றால் "சூடு" என்றான். அவன் வாயிலிருந்து ஒரு புது வார்த்தை வருவதே பெரிது. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே அவன் சீட்டைக் கழற்றிக் கிழித்துப் போட்டாள். அடியில் கெட்டி ஃபோம், அதன்மேல் நார், நாருக்கு மேலே பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் போக ஓட்டை குத்திய துணி. கொஞ்ச நாளில் அவனுக்கு எரிச்சல் நின்றது. அதே வண்டியில் மாற்று டிரைவராக ஓடிய மின்னலுக்கும் அதே எரிச்சல், அதே மெத்தை, அதே குணம். அப்புறம் கேட்க வேண்டுமா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அத்தனை வண்டிக்கும் மெத்தையக்காவின் மெத்தைதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிள்ளை விஷயத்துக்கு வருவோம். முதல் வருஷம் மெத்தையக்கா பொறுத்தாள். அடுத்த வருஷத்திலிருந்து மகராசியை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். மகராசி அவ்வப்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்துவிடுவாள். "வேலைன்னா மட்டும் வலி வந்துடும்" என்பாள் இவள். கடைசியில் ஒரு பெண் டாக்டர், "இவங்களையே எத்தனை தடவைம்மா பாக்கறது? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மெத்தையக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் தம்பியையா? அவன் சிங்கம்மா! நாள் முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்தும் ஒரே கையில மூட்டை தூக்குவான்."

"மூட்டை தூக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

அதற்கப்புறம் மெத்தையக்கா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் போய்வந்தார்கள் என்று பின்னால் காதில் விழுந்தது. போய்வந்த கையோடு மகராசி தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் போல் இருந்துவிட்டு வந்தாள். வந்தவளுக்கு வயிற்று வலி போயிருந்தது. என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, "உங்க தம்பியையே கேளுங்க அண்ணி" என்றாள். தம்பியைக் கேட்டால், "சொல்றேன்கா" என்றான். சைலன்சர் "சொல்றேன்" என்றால் அடுத்த ஜென்மத்தில் என்று அர்த்தம். அவள் கேட்பதை விட்டுவிட்டாள். குத்திக்காட்டுவதை மட்டும் விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மெத்தையக்காவுக்கு ஒரே மகள். அப்பா முகம் நினைவில்லாமல் வளர்ந்த பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அவளுக்கு மின்னலைப் பிடித்துவிட்டது, மின்னலுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. வேலைக்காரன், நல்ல மனசு, வாய் ஓயாமல் சிரிக்க வைப்பான். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? தேதியும் குறித்தாயிற்று. பாவம், மின்னலுக்குத்தான் திண்டாட்டம். இத்தனை வருஷமாக "அக்கா" என்று கூப்பிட்டவளை இனிமேல் "அத்தை" என்று கூப்பிட வேண்டும். "அக்... அத்தே, டீ வாங்கியாரட்டா?" என்பான். பேட்டையே அவனை "அக்கத்தை மாப்பிள்ளை" என்று ஓட்டியது. மெத்தையக்காவுக்கு அந்தக் கேலியைக் கேட்கக் கேட்கத் தித்தித்தது. இந்தக் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், மகள் நன்றாக இருக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் சைலன்சர் கொட்டகைக்கு வந்தான். "உன் பொண்ணையும் வரச்சொல்லுக்கா" என்றான். மகள் கடையில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். மகராசி மெஷினை நிறுத்தினாள், எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு விஷயம் தெரியும் என்பது அந்தச் சாத்தலிலேயே தெரிந்தது.

"கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்கா."

"என்னடா சொன்ன?" மெத்தையக்கா வெட்டிக்கொண்டிருந்த ரெக்ஸின் கோணலாகப் போய்விட்டது. "வாய் தொறக்காதவன் வாய் தொறந்தா இப்படியா தொறப்ப? அவன் உன் கூட்டாளிடா! அவங்கிட்ட என்னடா குறை?"

"குறை எங்கிட்டக்கா. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதே. நடுவுல நின்னா அப்புறம் எனக்கு வராது."

அவள் வாயை மூடினாள். அவன் மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குச் சூடு புடிச்சுதே, ஞாபகம் இருக்கா? அது சூடு இல்ல. லோடு எறக்கறதுக்காக நானும் மின்னலும் ஒரு ஊர்ல நாள்கணக்கா காத்துக் கெடந்தோம். அங்க ஒரு வீட்டுக்குப் போனோம். எந்த மாதிரி வீடுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. கொஞ்ச நாள்ல ரெண்டு பேருக்கும் எரிச்சல். அப்புறம் சீழ். பேட்டையில எல்லாரும் பண்றதைத்தான் நாங்களும் பண்ணினோம். ஒரு அட்டை மாத்திரை வாங்கி ஆளுக்குப் பாதி போட்டோம். எரிச்சல் நின்னுது, விட்டுட்டோம். நீ மெத்தை தச்சுக் குடுத்த. அப்புறம் ஒரு தடவை எனக்கு விதை வீங்கி நடக்க முடியல. வெக்கப்பட்டுக்கிட்டு அதையும் யார்கிட்டயும் சொல்லல."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் நிறுத்தவில்லை.

"எரிச்சல் நின்னுதே தவிர, கிருமி போகல. உள்ளயே இருந்திருக்கு. அந்த டாக்டர் டெஸ்ட் எடுத்துச் சொன்னாங்க. என் விந்துல ஒரு உயிரணுகூட இல்லக்கா. டாங்க்ல டீசல் இருக்கு, என்ஜினும் நல்லா இருக்கு. நடுவுல வர்ற பைப்பு புண்ணாகி, தழும்பாகி, அடைச்சுக்கிச்சு. கிருமிக்கு மருந்து இருந்துச்சு, முழுசாப் போட்டேன், போயிடுச்சு. தழும்பு மாத்திரைக்குக் கரையாதாம்."

"டேய்..." என்றாள் மெத்தையக்கா. 

"இன்னும் இருக்கு. இவ வயித்து வலிய நீ நடிப்புன்னு சொல்லுவியே, அது நடிப்பில்ல. நான் குடுத்தது. எங்கிட்டேருந்து அவளுக்குப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அவளுக்கும் அடைச்சிருக்கும்னாங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மருந்து குடுத்தாங்க." அவன் முதல்முறையாக நிமிர்ந்து அக்கா மகளைப் பார்த்தான். "கண்ணு, மின்னல் இன்னும் டெஸ்ட் எடுக்கல. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். 'எனக்குத்தான் அப்பவே சரியாயிடுச்சே'ங்கறான். எனக்கும் அப்படித்தான் சரியாச்சு. இது உன் உடம்பு. அதான் உன்னையும் வெச்சுக்கிட்டுச் சொல்றேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மெத்தையக்கா எழுந்து வந்து அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "பாவி! படுபாவி!" இன்னொரு அடிக்குத் தூக்கிய கை அப்படியே அவன் தோளில் கிடந்தது. பெற்றவளைப் போல வளர்த்தவள் முன்னால், மடியில் போட்டு வளர்த்த அக்கா மகள் முன்னால், ஓர் ஆண்பிள்ளை வாயால் சொல்லக்கூடிய பேச்சா இது? சொல்லாமலே இருந்திருக்கலாம். பழி மகராசி தலையிலேயே கிடந்திருக்கும், கல்யாணமும் குறித்த தேதியில் நடந்திருக்கும், அவனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். கோபம் கோபமாக வந்தது அவளுக்கு. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் வந்தது. அதற்கு என்ன பெயர் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

கோபத்தைத் திருப்ப ஆள் வேண்டுமே. மகராசி பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல? வாய் பேசத் தெரியாதவளா நீ?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அண்ணி? என் தம்பி மேலயே பழி போடறியான்னு இந்த மெஷினைத் தூக்கி என் தலையில போட்டிருப்பீங்க."

உண்மைதான். போட்டிருப்பாள்.

"எனக்குக் கோவம் இல்லாம இல்ல" என்றாள் மகராசி. "அம்மா வீட்டுக்குப் போனப்போ திரும்பி வர்ற எண்ணமே இல்ல. ஆனா ஒண்ணு அண்ணி. டாக்டர் சொன்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரி படி எறங்கறதுக்குள்ள, ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லிட்டாரு. மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுக்காகத்தான் வந்தேன். உங்க முன்னாடியும் அவரே சொல்லணும்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அதுக்கு இவ்வளவு நாளாயிடுச்சு. தேதி வரைக்கும் போயிருந்தா நானே போட்டு உடைச்சிருப்பேன்."

மெத்தையக்கா கோணலாகப் போன ரெக்ஸினை எடுத்துச் சுருட்டினாள். இத்தனை வருஷம் ஊசி குத்தியது மெத்தையில் மட்டுமா?

அன்றைக்குச் சாயங்காலமே மின்னலை வரவழைத்தார்கள். சிரித்துக்கொண்டே வந்தவனிடம் மகள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "மாமா எல்லாம் சொல்லிட்டாரு. நீங்க டெஸ்ட் எடுத்து, மருந்து வேணும்னா முழுசாப் போட்டுட்டு வாங்க. அப்புறம் தேதி வெச்சுக்கலாம்."

மின்னல் முகம் சுருங்கிவிட்டது. சைலன்சரைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?" என்றான். "நாலு சுவத்துக்குள்ள சொல்லிட்டீங்க, உங்களுக்கு ஈஸி. நான் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா பேட்டையில எவனாவது பாப்பான். மறுநாளே எனக்கு ஒரு பேரு வெச்சிடுவானுங்க. சாகற வரைக்கும் அந்தப் பேர்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என்னால முடியாது."

விடுவிடு என்று போய்விட்டான். "போகட்டும்மா" என்றாள் மகள். "கண்ணாடி போட்டுக்க வெக்கப்பட்டுக்கிட்டு வண்டியை மோதிட்டு வர்றவங்களை நான் தினமும் பாக்கறேன்." வீறாப்பாகத்தான் சொன்னாள். காலையில் அவள் கண் வீங்கியிருந்ததைப் பார்த்து மெத்தையக்காவுக்கு வயிறு எரிந்தது. சைலன்சர் மட்டும் ஏதோ யோசனையாகவே இருந்தான்.

இரண்டொரு நாள் கழித்து, பேட்டைக்குள் நின்ற ஒரு லாரியில் மெத்தையக்கா புது சீட்டுப் பொருத்திக்கொண்டிருந்தாள். அந்த வேலையைக் கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், நட்டு முடுக்கும்போது தலை வெளியே தெரியாது. கீழே நிழலில் டிரைவர்கள் டீயும் கையுமாக நின்றார்கள். மின்னல் ஒரு பக்கமாக டயர் மேல் உட்கார்ந்திருந்தான். பேட்டையிலேயே பெரிய வாய்க்காரரான மீசைக்காரர், "என்ன மின்னலு, மூஞ்சி மழை புடிச்ச மாதிரி இருக்கு? அக்கத்தை கோவிச்சுக்கிச்சா?" என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

சைலன்சர் தன் வண்டியில் ஏறினான். டப்பாவைத் திறந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி நடுவில் வந்து நின்றான்.

"இதனால எனக்குப் புள்ள பொறக்கல" என்றான்.

டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது. மேலே கேபினுக்குள் மெத்தையக்காவின் கையும் நின்றுவிட்டது.

"குறை என் பொண்டாட்டிகிட்ட இல்ல. எங்கிட்ட. நமக்கெல்லாம் சூடு புடிக்குதுன்னு சொல்றோமே, பாதிப் பேருக்கு அது சூடே இல்ல. போகக் கூடாத எடத்துக்குப் போய் வாங்கிட்டு வந்த பால்வினை நோய். எனக்கு அதுதான்."

"அடேய், சைலன்சர் ஓட்டையாயிடுச்சுடா!" என்று கத்தினார் மீசைக்காரர். பேட்டையே கொல்லென்று சிரித்தது. மெத்தையக்காவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அந்த சீட்டுக்கு அடியிலேயே புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"சிரிங்கண்ணே" என்றான் சைலன்சர். குரலில் கோபமே இல்லை. "சிரிச்சு முடிச்சிட்டுக் கேளுங்க. பாதி மாத்திரையில எரிச்சல்தான் போகும். கிருமி உள்ளயே உக்காந்து குழாயைத் தின்னும். சில பேருக்கு எரிச்சல்கூட இருக்காதாம், சும்மாவே உள்ள இருக்குமாம். வீட்டுக்குப் போனா பொண்டாட்டிக்குப் போகும். எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. சீக்கிரம் போனா முழுசா சரியாகற நோய்தான் இது. டெஸ்டுக்குப் போறவனுக்கு எவனாவது பேரு வெக்கணும்னா எனக்கு வெச்சுக்கோங்க. எப்படியும் எனக்கு ஒரு பேரு இருக்கு, இன்னொண்ணு தாங்கும். மத்தவனை விட்டுடுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் மின்னலைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்பது மெத்தையக்காவுக்குப் புரிந்தது. அடடா, இவனையா மூட்டை தூக்குகிறான் என்பதற்காகச் சிங்கம் என்று சொல்லித் திரிந்தோம்? தன் மானத்தைத் தானே அவிழ்த்து நடுப் பேட்டையில் விரித்துவிட்டான், இன்னொருத்தன் அதன்மேல் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று. அன்றைக்குக் கோபத்துக்கு அடியில் வந்தது என்னவென்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. பெருமை. என் தம்பி என்ற பெருமை.

கேபின் கதவைப் படாரென்று திறந்துகொண்டு இறங்கினாள். அவளைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன முழிக்கறீங்க?" என்றாள் கையில் ஸ்பேனரோடு. "என் தம்பி பொண்டாட்டிய நான் குத்திக் குத்திப் பேசினதெல்லாம் இந்தப் பேட்டை முழுக்கக் கேட்டுச்சில்ல? இதையும் கேட்டுக்கோங்க. அவமேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என் வாய் மேலதான். என் மெத்தையால எவனுக்கும் எந்தச் சூடும் போகல, அதையும் தெரிஞ்சுக்கோங்க. மெத்தை முதுகு வலிக்கு நல்லது, அவ்வளவுதான்."

மீசைக்காரர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எங்கேயோ பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சைலன்சர் அந்த மாத்திரை அட்டையைக் குப்பை டிரம்மில் போட்டுவிட்டு வண்டி கழுவப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் மின்னல் கொட்டகை வாசலில் வந்து நின்றான். "அண்ணே, எந்த ஆஸ்பத்திரி?" என்றான். இருவரும் சேர்ந்தே போனார்கள். வாசலில் சைலன்சர்தான் முன்னால் நின்றானாம், பார்க்கிறவன் தன்னையே பார்க்கட்டும் என்று. மின்னலே பிற்பாடு சொல்லிக் கண் கலங்கினான்.

கிருமி இருந்தது. சிரித்துக்கொண்டு திரிந்தவனுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். "ஒரு மாத்திரை மிச்சம் வெச்சாலும் கல்யாணம் கிடையாது" என்று மகள் சொல்லிவிட்டாள். காலி அட்டையைக் கண்ணாடிக் கடைக்கே கொண்டுவந்து காட்டினான் மின்னல். மறுபடி எடுத்த டெஸ்டில் கிருமி இல்லை, குழாயும் அடைக்கவில்லை. அவன் கொடுத்துவைத்தவன். இல்லை, அவனுக்காக ஒருவன் பேசியிருந்தான்.

கல்யாணம் நடந்தது. எல்லாக் கல்யாணத்தையும் போலச் சத்தமாகத்தான் நடந்தது. வந்திருந்த உறவுக்கார அம்மா ஒருத்தி மகராசியைப் பிடித்துக்கொண்டு, "என்னடியம்மா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். மகராசி வாயைத் திறப்பதற்குள், பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சைலன்சர், "எனக்குத்தான் பெரியம்மா வைத்தியம் நடக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளருக்கு நகர்ந்தான். நடப்பது நிஜம்தான். அடைப்பைத் தாண்டி உள்ளே ஊசி வைத்து உயிரணுவை எடுத்து, அதைக்கொண்டு குழந்தைக்கு முயற்சி செய்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பலிக்கும் என்று உறுதி சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மெத்தையக்கா அதில் தலையிடுவதில்லை. கூப்பிட்டால் போவாள். இப்போதும் அவளை மகராசி என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் கூப்பிடுகிற விதமே வேறு.

கொஞ்ச நாளாயிற்று. ஒரு மத்தியானம் மீசைக்காரர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். மீசையை முறுக்கவில்லை. "ஒண்ணுமில்லக்கா, அந்த மெத்தை ஒண்ணு... சூடு புடிக்காததுன்னு..." என்று இழுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மெத்தை வாங்க வந்தவன் மெத்தையைத்தானே பார்க்க வேண்டும்?

மெத்தையக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது ஒரு கேலி. சைலன்சர் ஓட்டையாயிடுச்சுன்னு கத்தினது யாரு என்று கேட்டிருக்கலாம். விழுங்கிக்கொண்டாள்.

"மெத்தைன்னா எங்கிட்ட வாங்க" என்றாள். "சூடுன்னா என் தம்பிகிட்ட. பின்னாடி ரூம்ல இருக்கான், போங்க."

"வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்கண்ணே" என்றாள் எதிர் மெஷினிலிருந்து மகராசி, தலை நிமிராமல்.

அவர் பின்னறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சைலன்சரின் குரல் கேட்க ஆரம்பித்தது. மெதுவான குரல், நின்று நின்று வந்தது, ஆனால் ஓயவில்லை. அண்ணியும் மகராசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி பேசுகிறான் என்று மெத்தையக்கா மெஷினை நிறுத்திவிட்டாள்.